பதறாத நாடி

"சார், எங்கம்மாவுக்குக் குழாய் போடறதுக்கு முன்னாடி டெக்ஸ்மெட் ஏத்தணும். ஒரே தள்ளா தள்ளிவிடக் கூடாது. பம்புல வெச்சு மெதுவா ஏத்தணும். இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

டாக்டர் ஹரீஷ்குமார் அப்போதுதான் தியேட்டருக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் ஷூவிலுமாக அப்படியே நின்று சத்யப்ரியாவைப் பார்த்தார். அவர் மயக்க மருந்து டாக்டர். அவள் அவருக்குக் குழாயும் ஊசியும் எடுத்துக் கொடுக்கும் டெக்னீஷியன். இத்தனை மாதத்தில் அவள் அவரிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே தியேட்டர் இன்சார்ஜ் சரோஜம்மாள் சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். டாக்டர் கேட்கிற மருந்தைக் கையில் வை, நீயாக ஒரு மருந்தின் பேரை அவரிடம் சொல்லாதே, இதற்கு முன்னால் இருந்த பெண் அப்படித்தான் வீட்டுக்குப் போனாள் என்று. சத்யப்ரியாவும் கேட்டுக்கொண்டாள். குடும்பத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். படித்த படிப்பை வாய்க்குள்ளேயே வைத்திருப்பதற்குத்தான் சம்பளம் என்பது அவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. புரிந்த நாளிலிருந்து வயிற்றுக்குள் ஒரு எரிச்சல், அணையாமல் அப்படியே இருந்தது.

"ஏனம்மா," என்றார் டாக்டர். அத்திப்பள்ளிக்காரர், கோபம் வந்தால் 'என்னம்மா'கூட முதலில் கன்னடத்தில்தான் வரும். "யாரு யாருக்கு ஆர்டர் போடறது இங்க?"

"ஆர்டர் இல்ல சார். அம்மா சார்."

அவர் ஃபைலைக் கையில் வாங்கிப் பார்த்தார். இன்று காலை வார்டில் எடுத்த பி.பி. நன்றாகத்தான் இருந்தது. பித்தப்பையில் கல், வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு எடுத்துவிடுகிற கேஸ். இதற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டார்.

"படுத்திருக்கும்போது நல்லாத்தான் இருக்கும் சார். தொண்டையில ஸ்கோப்ப வெச்சுத் தூக்கும்போது எங்க போய் நிக்கும்? பெருமாளுக்கும் காலையில நல்லாத்தான் இருந்துச்சு."

அந்தப் பேரைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். டாக்டரின் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது.

பெருமாள் சிப்காட்டில் வெல்டர். மழைக்காலத்தில் தோள் எலும்பு முறிந்து வந்தார். அன்று டாக்டருக்கு கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கேஸ் காத்திருந்தது; மருந்தைத் தள்ளினார், ஸ்கோப்பைப் போட்டார். மயக்கத்தில் ஆள் தூங்கிவிடுவானே தவிர உடம்பு தூங்கிவிடாது. நாக்கை ஒதுக்கி, அந்த இரும்பு அலகால் தொண்டையைத் தூக்கி, மூச்சுக்குழலில் குழாயை இறக்கும்போது, யாரோ கழுத்தை நெரிப்பதாகத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். நாடி பாயும், ரத்த அழுத்தம் ஏறும். பெருமாளுக்கு மானிட்டரில் ஏறிய எண்ணை சத்யப்ரியா பார்த்தாள். அந்த எண் இறங்கி வர எடுத்துக்கொண்ட நேரத்தையும் பார்த்தாள். மயக்கம் தெளிந்தபோது அவருடைய வலது கை எழவில்லை. பி.பி. உள்ள உடம்பு, நடக்கிறதுதான் என்று வீட்டாரிடம் சொன்னார்கள். பெருமாளின் மனைவி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

டெக்ஸ்மெட்டை முன்னாலேயே மெதுவாக ஏற்றியிருந்தால் உடம்பும் கொஞ்சம் தூங்கியிருக்கும். அது காலேஜில் படித்தது. தியேட்டர் அலமாரியில் அந்த மருந்து இருந்தது. அது ஏறி முடிகிற வரைக்கும் பொறுத்திருக்கத்தான் அங்கே யாருக்கும் நேரமில்லை.

டாக்டர் ஃபைலை மூடிக் கொடுத்தார். பிறகு மறுகால் ஷூவையும் கழற்றினார். சரி, அளவு பார்த்து நீயே லோட் பண்ணி வை, நான் வந்து ஆரம்பிக்கிறேன் என்றார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது, "கேஸ் முடியட்டும். அப்புறம் நாம பேசணும்," என்றார், அவளைப் பார்க்காமல்.

சரோஜம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சுட்ட," என்றார். "நாளைக்கு வரும்போது டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு வராத தாயி. மத்தியானம் வரைக்கும் இருக்க மாட்ட."

சத்யப்ரியா சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். மருந்தை உடைத்து, அம்மாவின் எடைக்குக் கணக்குப் போட்டு, பெரிய சிரிஞ்சில் கலந்து, லேபிள் ஒட்டினாள். லேபிள் கோணலாக ஒட்டிக்கொண்டது. பிய்த்து மறுபடி ஒட்டினாள்.

அம்மாவின் பேர் பவளம். அப்பா போன பிறகு ஊத்தங்கரைப் பக்கம் வானம் பார்த்த காட்டைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு, மகளையும் ஒரு தகரப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு ஓசூருக்குப் பஸ் ஏறியவள். பாகலூர் ரோட்டில் வெளிநாட்டுக்கு ரோஜா அனுப்பும் கம்பெனியில் வேலை. குளிர் அறையில் நின்றபடி காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரித்து, கட்டுக் கட்டி, அட்டை சுற்ற வேண்டும். அந்தக் குளிரிலும் வலி வந்தால் வியர்த்துவிடும். வலது விலாவுக்குக் கீழே முறுக்கிப் பிடிக்கும்போது துண்டைக் கடித்துக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்துவிட்டு வந்து, மறுபடி கட்டுக் கட்டுவாள். இரண்டு தடவை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இரண்டு தடவையும் ஸ்ட்ரெச்சரில் படுத்ததுமே பி.பி. எகிறி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். புது வருஷம் பிறந்துவிட்டால் பிப்ரவரிப் பாதி வரைக்கும் காதலர் தின ஏற்றுமதி, ரோஜா கம்பெனியில் யாருக்கும் லீவு கிடையாது. இதுதான் கடைசி லீவு என்று சூப்பர்வைசர் கங்கப்பன் சொல்லிவிட்டான். அதற்குள் கல் எங்காவது போய் அடைத்துக்கொண்டால் பிழைப்பது கஷ்டம் என்று சர்ஜனும் சொல்லியிருந்தார்.

தியேட்டருக்கு முந்தைய அறையில் பச்சை கவுனும் தலைக்குத் தொப்பியுமாகப் பவளம் படுத்திருந்தாள். தொப்பிக்குள் முடி அடங்கியதில் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. சத்யப்ரியா மானிட்டர் வயர்களை மார்பில் ஒட்டினாள், விரலில் கிளிப்பை மாட்டினாள், கையில் பி.பி. பட்டையைச் சுற்றினாள். அம்மாவின் கை ஐஸ் மாதிரி இருந்தது. உள்ளங்கை ஈரம். உதடு வறண்டிருந்தது.

பட்டை இறுகித் தளர்ந்தது. எண் வந்தது.

"எவ்ளோ காட்டுது?" என்றாள் பவளம் உடனே.

"நல்லா இருக்குதும்மா."

"நல்லான்னா? நம்பரு சொல்லு."

சொன்னாள். பவளத்தின் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. திருட்டுத்தனம் மாட்டாமல் தப்பிய பிள்ளையின் சிரிப்பு. சத்யப்ரியா அதை அப்போது கவனித்தாள், ஆனால் நின்று யோசிக்கவில்லை. சரோஜம்மாள் உள்ளே எட்டிப் பார்த்து, மானிட்டரையும் பார்த்துவிட்டு, போன தடவை ஆடின ஆட்டம் என்ன, இப்போ சாமி கணக்கா படுத்திருக்கிறதைப் பாரு என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பாராட்டுதான் சத்யப்ரியாவை மறுபடி திரையைப் பார்க்க வைத்தது.

நாடி ஐம்பத்திரண்டு.

பட்டை இறுகும்போதெல்லாம் அம்மா கண்ணை மூடிக்கொள்கிறாள். முழங்கால் துணிக்கு அடியில் நடுங்குகிறது. போன இரண்டு தடவையும் இதே அறையில், இதே பயத்தில், நாடி நூறைத் தாண்டி ஓடியது. பயந்தவளின் நாடி பாயத்தான் வேண்டும். இந்த நாடியோ, வெயிலில் நடந்து களைத்த மாடு போல, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தது. திரையில் பச்சைக் கோடு ஒரு முறை எழுந்து விழுந்தால், அடுத்தது எழும்புவதற்குள் சத்யப்ரியாவுக்கு மூச்சு நின்று வந்தது.

ஐம்பது.

கிளிப் சரியாக இல்லையோ என்று கழற்றி வேறு விரலில் மாட்டினாள். மணிக்கட்டைப் பிடித்துத் தன் விரலாலேயே பார்த்தாள். கிளிப் சரியாகத்தான் இருந்தது.

குனிந்து, அம்மாவின் காதருகில் கேட்டாள்.

"காலையில என்ன மாத்திரை போட்ட?"

"டாக்டரு சொன்னதுதான். ஒரு முழுங்கு தண்ணியில."

"அது ஒண்ணு. வேற?"

"வேற என்னா? ஒண்ணுமில்ல."

"அம்மா, என்னைப் பாரு."

பவளம் பார்க்கவில்லை. கூரையில் இருந்த ஏ.சி. ஓட்டையைப் பார்த்தாள். இந்தக் கண் திருப்பல் சத்யப்ரியாவுக்குத் தெரியும். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு மகளுக்குச் சோறு போட்ட நாட்களில் எல்லாம் இப்படித்தான் வேறெங்காவது பார்ப்பாள்.

மெல்ல மெல்லத்தான் வந்தது. ரோஜா கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் என்று ஒன்று வைப்பார்கள். பி.பி. ஏறியிருந்தால் குளிர் அறையில் நிற்க விட மாட்டார்கள், வெளியே தள்ளிவிடுவார்கள். அதனால் மெடிக்கல் அன்றைக்கு லைன் வீட்டுப் பெண்கள் விடியற்காலையிலேயே மாத்திரைகளை ஒன்றாகக் கொட்டிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பி.பி. மாத்திரை என்றால் பி.பி. மாத்திரை; யாருடையது, என்ன நிறம் என்று யாரும் கேட்பதில்லை. ஒன்று போடுகிறவள் மூன்று போடுவாள். மத்தியானம் வரைக்கும் தலை சுற்றும், எண் மட்டும் நன்றாக வரும். இத்தனை வருஷமாக அதில் யாரும் மாட்டியதில்லை. பவளமும் இன்றைக்கு அதைத்தான் செய்திருந்தாள். பக்கத்து ரூம் சம்பங்கி இரண்டு கொடுத்தாள். அதே லைன் வீட்டுச் சரசம்மா ஒன்று.

"என்ன மாத்திரை அது? எப்படி இருந்துச்சு?"

"வெள்ளையா. சின்னது. நடுவுல கோடு போட்டது. சம்பங்கிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுன்னு ஆஸ்பத்திரியில குடுத்தது." பவளம் இப்போதுதான் மகளைப் பார்த்தாள். "எதுக்கு மூஞ்ச இப்படி வெச்சுக்கற? நம்பரு நல்லாத்தானே வந்துக்குது?"

நெஞ்சின் ஓட்டத்தைக் கட்டிப்போடுகிற மாத்திரை. அது இரண்டு, சரசம்மாவுடையது எதுவோ ஒன்று. விடியற்காலையில் விழுங்கியது இப்போதுதான் முழுசாக வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். இதன் மேல் டெக்ஸ்மெட்டை ஏற்றினால் அதுவும் நாடியைத்தான் கீழே இழுக்கும். அதற்கு மேல் வயிற்றில் காற்றை அடித்து உப்ப வைப்பார்கள், அப்போதும் நாடி விழும். எங்கே போய் நிற்கும் என்று சத்யப்ரியாவால் கணக்குப் போட முடியவில்லை. நிற்கும் என்பது மட்டும் தெரிந்தது.

அவள் சண்டை போட்டு வாங்கிய மருந்து. அவள் கையாலேயே கலந்து, லேபிளை நேராக ஒட்டி, ஸ்டாண்டில் மாட்டி வைத்திருக்கிற மருந்து. டாக்டரை எதிர்த்து நின்றபோது தனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர் இருந்தது. இப்போது அந்தத் திமிர் இல்லை. ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நாற்பத்தெட்டு.

"டாக்டர்கிட்ட சொல்லணும்மா."

பவளத்தின் கை சட்டென்று அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. ஊசி குத்தியிருந்த கை. டியூபில் ரத்தம் கொஞ்சம் மேலேறி வந்தது.

"சொன்னா திருப்பி அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும்."

"என்னா அனுப்பட்டும்? உனக்கா வலிக்குது?" பவளத்தின் குரல் கிசுகிசுப்பாகவே இருந்தது, ஆனால் அதற்குள் அத்தனை வருஷத்து ஆங்காரமும் இருந்தது. "கங்கப்பன் கால்ல விழாத குறையா லீவு வாங்கிக்கினு வந்துக்கறேன். இதுக்கு மேல என்னால துண்டக் கடிச்சுக்கினு நிக்க முடியாது பாப்பா. எதா இருந்தாலும் இன்னிக்கே ஆயிட்டுப் போவட்டும். சொல்லிடாத."

சத்யப்ரியாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சம்பங்கி மேல், கங்கப்பன் மேல், மாத்திரையைப் பங்கு போட வைத்த அந்த மெடிக்கல் மேல், எண் நன்றாக வந்துவிட்டது என்று சிரிக்கிற இந்தப் பொம்பளை மேல். அந்தக் கோபத்தின் அடியில் பயம் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வேறொரு வழி தோன்றியது. தோன்றியதும் அது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. சிரிஞ்சை மாற்றிவிடலாம். அதே அளவில் வெறும் சலைனை நிரப்பி, அதே லேபிளை ஒட்டினால் முடிந்தது. டாக்டர் வந்து பம்பை ஓட விடுவார். ஒன்றும் ஏறாது. நாடி விழுந்தால் தூக்கிவிடுகிற அட்ரோபின் ஊசியைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். கல் வெளியே வந்துவிடும். அம்மா திரும்பிப் போக வேண்டியதில்லை. டாக்டரிடம் தலைகுனிய வேண்டியதில்லை. மருந்து கேட்டு வாங்கிவிட்டு, அதே வாயால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் தெரியாது.

டிராலியிலிருந்து புது சிரிஞ்சை எடுத்து உறையைக்கூடக் கிழித்துவிட்டாள்.

ஸ்கோப்பைத் தூக்கும்போது டாக்டர் மருந்து ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். அதை நம்பி மற்ற மருந்துகளைக் குறைப்பார். மாத்திரை விழுங்கின உடம்பு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று அவருக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நாடி விழுந்தால் ஏன் விழுகிறது என்று புரியாமல் அவர் தப்பான மருந்தைத் தேடுவார். அந்த நேரத்தில் அம்மாவின் தலைமாட்டில் அவள் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பாள். பிறகு யாராவது வெளியே வந்து, பி.பி. உள்ள உடம்பு, நடக்கிறதுதான் என்பார்கள். அவளும் தலையை ஆட்ட வேண்டியிருக்கும்.

கிழித்த உறையோடு சிரிஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

நாற்பத்தாறு. மானிட்டர் முதல் தடவையாகக் கத்தியது. பவளம் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கப் பார்த்தாள்.

"என்னாது அது? எதுக்குக் கத்துது?"

"உன் நாடி கீழ போவுதுன்னு கத்துது. நீ முழுங்கினது அது."

பவளத்தின் பிடி இறுகியது. இப்போது அது தடுக்கிற பிடியா, பயந்து பற்றிக்கொள்கிற பிடியா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சத்யப்ரியா அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். வலிக்காமல் விலக்க வேண்டும் என்றுதான் பார்த்தாள், ஆனால் அவசரத்தில் கொஞ்சம் வலித்திருக்கும். பம்பின் டியூபைக் கழற்றி, மருந்து சிரிஞ்சை ஸ்டாண்டிலிருந்து எடுத்து டிராலியின் அடித்தட்டில் வைத்தாள். அம்மாவுக்கு ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினாள்.

"சிஸ்டர்," என்று கூப்பிட்டாள். குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

சரோஜம்மாள் வந்தார். இரண்டு முகங்களையும் பார்த்தார். பம்பு காலியாக இருப்பதையும் பார்த்தார்.

"என்னாடி பண்ணி வெச்ச?"

"அம்மா பக்கத்துலயே நில்லுங்க சிஸ்டர். யாரு சொன்னாலும் எந்த மருந்தும் ஏத்தாதீங்க. அட்ரோபின் உடைச்சு வெச்சுக்குங்க. நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா கத்துங்க."

"காலையில நீதானடி அந்த மருந்து வேணும்னு ஆட்டம் போட்ட?"

"ஆமா. நான்தான்."

"இப்ப வேணாம்னு போய் நின்னா அவரு உன்னை உயிரோட விடுவாரா? நீ கேட்டதே தப்பு, இதுல—"

மாஸ்க்குக்கு உள்ளிருந்து பவளம் ஏதோ சொன்னாள். வார்த்தை புரியவில்லை. பிளாஸ்டிக்கில் மூச்சு பட்டுப் பனித்தது, மறைந்தது, மறுபடி பனித்தது. ஒரு பனிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் சத்யப்ரியா நின்றாள். அம்மாவின் நெற்றியில் தொப்பிக்கு வெளியே வந்திருந்த முடியை உள்ளே தள்ளிவிட்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் யாரிடமோ போனில் கன்னடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் ஆரம்பித்துவிடுவேன் என்று சொல்வது கேட்டது.

அவள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.